பட்டாளத்து இரும்பு

டீ வேண்டாம் மேடம். வரும்போதே பஸ் ஸ்டாண்டு கடையில் குடித்துவிட்டுத்தான் வந்தேன். அந்தக் கடைக்காரர் சர்க்கரையை அள்ளிக் கொட்டுகிற ஆள், இன்னும் நாக்கில் நிற்கிறது. நீங்கள் நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள். புரியாத இடத்தில் கேளுங்கள், திருப்பிச் சொல்கிறேன்.

பெயர் காசியம்மாள். வயது நாற்பத்தெட்டு. பசியாவரத்துக்குப் பக்கத்துக் குப்பம். பழவேற்காடு ஏரியில் இறாலும் நண்டும் பிடிக்கிறவள். வலை கிடையாது, படகு கிடையாது, கைதான். இடுப்பளவு தண்ணீரில் மண்டி போட்டு, இரண்டு உள்ளங்கையையும் சேற்றோடு தடவிக்கொண்டே போக வேண்டும். இறால் வந்து கையில் முட்டும். முட்டியதும் அமுக்கிப் பறியில் போட வேண்டும். பறி என்றால் பனையோலையில் பின்னின சின்னக் கூடை. அதன் கயிற்றைப் பல்லால் கவ்விக்கொள்வோம், அது தாடைக்குக் கீழே மிதந்துகொண்டே கூட வரும். கை இரண்டும் சேற்றில், வாயில் பறி. அதனால் இறங்கிவிட்டால் நாங்கள் பேச மாட்டோம். ஆறு பெண்கள் வரிசையாகப் போனாலும் மூச்சுச் சத்தம்தான் கேட்கும். என் வீட்டுக்காரர் இருந்தபோது சொல்வார், "நீ ஏரியில கீற வரைக்கும்தான்டி என் காதுக்கு நிம்மதி" என்று.

போன மாசியில் ஏரியில் மூழ்கி வரதன் சார் செத்தாரே, அன்றைக்கு விசாரிக்க வந்த ஏட்டய்யாவிடம் நான் சொன்னதும் அதைத்தான். தூரத்தில் இருந்தேன், வாயில் பறி இருந்தது, அவர் கூப்பிட்டது கேட்கவில்லை என்றேன். அவரும் தலையாட்டிக்கொண்டே எழுதினார். எங்கள் ஊரில் யாரும் அதைச் சந்தேகப்பட மாட்டார்கள். அது முழுவதும் நிஜமில்லை. அதைச் சொல்லத்தான் ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறேன்.

அதற்கு முன்னால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். நான் கெட்டவள் இல்லை, பயந்தவள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். இடி இடித்தால் எங்கள் நைனா முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்வேன். மருண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்கு வெளிச்சத்திலும் பேய் தெரியும். இந்த இரண்டு மூன்று மாதமாக எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய பயம், அந்த இரும்பை எடுத்துவிடுவார்கள் என்பதுதான்.

முகத்துவாரத்துக்குக் கொஞ்சம் உள்ளே ஏரியில் கிடக்கிறது அது. வெள்ளைக்காரன் காலத்துச் சண்டையில் சிப்பாய்களையும் சாமான்களையும் ஏற்றிப் போன தட்டையான இரும்புப் படகு என்கிறார்கள். எப்படி முழுகியது என்று ஆளுக்கொரு கதை சொல்வார்கள். நாங்கள் அதைப் பட்டாளத்து இரும்பு என்போம். தண்ணீர் வற்றும் நேரத்தில் மேல்தட்டு மட்டும் தெரியும், அதில் நீர்க்காக்கை உட்கார்ந்து இறக்கை காயவைக்கும். மிச்சமெல்லாம் தண்ணீருக்குள். துருப்பிடித்து, பல் பல்லாக இருக்கும். வலை பட்டால் கிழித்துவிடும். அதனால் வலைக்காரர்கள் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார்கள்.

அதுதான் எங்களுக்கு வாழ்வு. ஏரியில் யார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை போடுவது என்று வலைக்காரர்கள் சீட்டுக் குலுக்கி முறை வைப்பார்கள். அதற்குப் பாடு என்று பெயர். கையால் பிடிக்கிறவர்களுக்குப் பாடு கிடையாது. எங்கள் பெயர் எந்தச் சீட்டிலும் வராது. வலை விழாத இடம் எதுவோ அதுதான் எங்களுக்கு. முன்பு அப்படிப்பட்ட இடம் நாலைந்து இருந்தது. ஏரி மேடாகி மேடாகி ஒவ்வொன்றாகப் போய்விட்டது. இப்போது மிச்சம் அந்த இரும்பைச் சுற்றியுள்ள இடம் மட்டும்தான். நான், என் நாத்தனார் இந்திராணி, இன்னும் நாலு பெண்கள், ஆறு அடுப்பு அதை நம்பி எரிகிறது.

வரதன் சார் பழைய பட்டாளத்துச் சாமான்களைத் தேடிப் பிடித்துப் பழுதுபார்த்து வைக்கிற ஏதோ ஒரு குழுவிலிருந்து வந்தவர். முப்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லி, கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டியிருப்பார். வெயிலுக்கு முகத்தில் வெள்ளையாக எதையோ பூசிக்கொள்வார். "இன்னாடி இது, கோலமாவுல முகம் கழுவிக்கினு வந்துக்கீறாரு" என்று இந்திராணி என் காதில் சொன்னாள், எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நல்ல மனிதர். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். அப்படிக் கூப்பிடுகிற படித்தவர்கள் குறைவு.

மீன் ஏலக் கொட்டகையில் கூட்டம் போட்டார். இரும்பைத் தூக்கிச் சுத்தம் செய்து கரையில் வைக்கலாமா, இல்லை தொடாமல் அப்படியே விட்டுவிடலாமா, ஊர் என்ன நினைக்கிறது என்று கேட்டார். முத்துராஜ் முதலில் எழுந்தான். இன்ஜின் படகு வைத்திருக்கிறவன். "தூக்கி, துரு சொரண்டி, பெயின்ட் அட்ச்சு போட் ஜெட்டியாண்ட வெச்சீங்கன்னா டூரிஸ்ட் வருவாங்க சார். சும்மா தண்ணில கெடந்து இன்னா பிரயோஜனம்?" என்றான். வலைக்காரர்களுக்குத் தலைவர் ஆதிநாராயணன். அவர் அவ்வளவு பேசவில்லை. "இரும்பு போச்சுன்னா அங்க ஒரு பாடு கூடும். எங்களுக்கு சந்தோஷம்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

நான் எழுந்தேன். "அப்போ நாங்க எங்க கை வெக்கிறது?" என்றேன்.

"ஏன் காசி, ஏரி பூரா தண்ணிதானே கீது" என்றார் ஆதிநாராயணன். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, கிண்டல்தான். கொட்டகையே சிரித்தது. வரதன் சார் சிரிக்கவில்லை. நோட்டை எடுத்து ஏதோ எழுதினார். சிரிக்கிறவர்களைவிட எழுதிக்கொள்கிறவர்களிடம்தான் எனக்குப் பயம் அதிகம். உங்களைச் சொல்லவில்லை மேடம்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இரும்பைத் தூக்குகிற மாதிரியே கண்ணில் நின்றது. கிரேன் வருகிறது, தண்ணீர் ஒழுக ஒழுக அது மேலே போகிறது, அது கிடந்த இடத்தில் அடுத்த நாளே வலை விழுகிறது. இந்திராணியிடம் சொன்னால், "ஆவுறது ஆவட்டும் அண்ணி, உனக்கு மட்டும்தான் வயிறு கீதா?" என்பாள். அவளுக்குக் கல் மனசு. எனக்கு அப்படி வராது.

ஒரு வாரம் கழித்து வரதன் சார் என் வீட்டுக்கே வந்தார். "அக்கா, அடியில எங்க எவ்ளோ துருப்பிடிச்சிருக்குன்னு எந்த மெஷினுக்கும் தெரியாது, உங்க கைக்குத்தான் தெரியும். ஒரு நாள் கூட வந்து காட்டுங்களேன்" என்றார். என் கைக்கு ஒன்று தெரியும் என்று அதுவரை யாரும் சொன்னதில்லை. பெருமையாகத்தான் இருந்தது, அதை மறைக்க மாட்டேன். சரி என்றேன்.

காலை பத்து மணிக்கு முத்துராஜ் படகில் போனோம். தண்ணீர் நன்றாக வற்றியிருந்தது. எங்களை இறக்கிவிட்டதும் முத்துராஜ் பசி என்று முனகினான். "நீ போய் துன்னுட்டு வா முத்து, நாங்க பாத்துக்கறோம்" என்றேன். சொன்னது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். அவன் போனால் ஒன்றரை மணி நேரத்துக்குக் குறைந்து வர மாட்டான். பத்தரைக்கு மேல் கடல் தண்ணீர் ஏரிக்குள் ஏற ஆரம்பிக்கும் என்பதும் எனக்குத் தெரியும். எங்கள் பக்கத்தில் தண்ணீர் ஒரேயடியாக ஏறாது. இரண்டு சாண், மிஞ்சினால் மூன்று சாண்.

இரும்பின் பக்கவாட்டில், அடியில் ஒரு ஓட்டை இருக்கிறது. உள்பக்கம் ஒரு இரும்புத் தட்டு மேலிருந்து தொங்குகிறது. கையை விட்டால் தட்டு விலகி வழி விடும். வெளியே இழுத்தால் கையைக் கடித்துக்கொள்ளும். இழுக்க இழுக்க இறுகும். ஆனால் அந்த ஓட்டைக்குள்தான் பெரிய இறால் அடையும், அதனால் நாங்கள் விடுவோம். எங்கள் பெண்கள் அங்கே இறங்கும் முன்னால் ஒருத்திக்கொருத்தி சொல்லிக்கொள்வது இரண்டுதான். கையில் இருக்கிற வளையல், கயிறு எல்லாவற்றையும் கழற்று. மாட்டினால் இழுக்காதே, தள்ளு. இன்னும் ஒரு சாண் உள்ளே தள்ளி இடது பக்கம் நகர்த்தினால் அங்கே துரு தின்று அகலமாக இருக்கும், கை தானாக வந்துவிடும். போன வருஷம் இந்திராணிக்கு மாட்டிக்கொண்டது. நான் பறியைத் துப்பிவிட்டு, "தள்ளுடி" என்று கத்தினேன். இரண்டு மூச்சில் வெளியே வந்துவிட்டாள். வந்ததும் என்னைத்தான் திட்டினாள், இத்தனை இறாலோடு பறியைக் கவிழ்த்துவிட்டேன் என்று.

வரதன் சார் கையில் பட்டையான இரும்புக் கடிகாரம். மணிக்கட்டில் வார் போட்டு ஒரு சின்ன கேமரா. தண்ணீருக்குள் படம் எடுக்கும் கேமராவாம். ஓட்டையை என் கையால் தொட்டுக் காட்டினேன். "உள்ள படம் எடுக்கணும்க்கா. கை விடலாமா?" என்று கேட்டார். விடலாம் என்றேன். அது பொய் இல்லையே. விடலாம்தான்.

கடிகாரத்தைக் கழற்றச் சொல்லவில்லை. நான் பறியைக் கவ்விக்கொண்டு நாலு பாகம், இருபது அடிக்கு மேல், தள்ளிப் போய் மண்டி போட்டேன்.

முதலில் அவர் சிரித்தார். "அக்கா, மாட்டிக்கிச்சு" என்றார், ஏதோ வேடிக்கை போல. ஓட்டை அவ்வளவு கீழே இருப்பதால் மண்டி போட்டால்தான் கை எட்டும். மண்டி போட்டால் தண்ணீர் கழுத்தில் நிற்கும். கை மாட்டினால் எழுந்திருக்க முடியாது. அவர் இழுத்துப் பார்த்தார். மறுபடியும் இழுத்தார். கொஞ்ச நேரம் கழித்து, "அக்கா, இங்க கொஞ்சம் வாங்களேன்" என்றார். குரல் மாறியிருந்தது. தண்ணீர் அவர் தாடையைத் தொட்டிருந்தது.

நான் அவரைப் பார்த்தபடியே இருந்தேன். என் கை சேற்றில் இருந்தது. தண்ணீர் ஏறும்போது இறால் இரும்பை விட்டு வெளியே வரும், ஒவ்வொன்றாக உள்ளங்கையில் முட்டியது. எடுத்துப் பறியில் போட்டேன். அன்றைக்கு நல்ல பிடி. வருஷத்தில் நாலு நாள்தான் அப்படி அமையும்.

அவர் மற்றக் கையால் இரும்பைத் தட்ட ஆரம்பித்தார். அந்தச் சத்தம் காதில் கேட்கவில்லை மேடம், தண்ணீர் வழியாக வந்து தொடையில் கேட்டது, பல்லில் கேட்டது. நான் கவ்வியிருந்த கயிறு அதிர்ந்தது. இப்போதும் பாத்திரம் தேய்க்கும்போது கரண்டி பட்டாலும் வெளியே ஓடி வந்துவிடுகிறேன்.

முகத்தை மேலே தூக்கிக்கொண்டு பேசினார். "அக்கா, இதத் தூக்க வேணாம்னுதான் நான் எழுதியிருக்கேன். தொட்டா உதிர்ந்துடும்க்கா. அப்படியே விட்டுடணும்னு எழுதிட்டேன்" என்றார். நான் நம்பவில்லை. தாடைவரை தண்ணீரில் நிற்கிற மனிதர் எதைத்தான் சொல்ல மாட்டார்?

அவர் என்னைத் திட்டவே இல்லை. அதுதான் எனக்குப் புரியவில்லை. கண்ணாடி விழுந்துவிட்டது, என் பக்கம் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். நான் பயத்தில் உறைந்துபோய் அசையாமல் இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார் போல. "பயப்படாதீங்கக்கா. முத்துராஜ் வந்துடுவான். பயப்படாதீங்க" என்றார். இரண்டு தடவை சொன்னார். சாகப்போகிறவர் எனக்குத் தைரியம் சொல்கிறார்.

பிறகு தட்டுகிற சத்தம் நின்றது. நான் இன்னும் கொஞ்ச நேரம் இருந்து பார்த்துவிட்டு, பறியை மேல்தட்டில் வைத்துவிட்டுப் போய், அவர் கையை உள்ளே ஒரு சாண் தள்ளி இடது பக்கம் நகர்த்தினேன். வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. கடிகாரம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. முத்துராஜ் வந்தபோது நான் அவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தேன். அந்த அழுகை நிஜம். எனக்கு அவ்வளவு பயம்.

இதற்கு நீங்கள் என்ன பெயர் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். நான் யாரையும் பிடித்துத் தள்ளவில்லை, அமுக்கவில்லை. ஆறு அடுப்பு எரிய வேண்டும் என்று பயந்தேன். பயந்தவள் வாயில் பேச்சு வராது. அப்படித்தான் எனக்கு நானே இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

போன வாரம் நந்தினி என்று ஒரு பெண் வந்தாள். அதே குழுதான். இருபத்தைந்து வயதிருக்கும், மூக்குத்தி போட்டிருந்தாள். வரதன் சாரிடம் வேலை கற்றவளாம். வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கடைசிவரை கூட இருந்தது நீங்கள்தானாமே அக்கா என்றாள். பிறகு ஒரு பேப்பரை எடுத்துப் படித்துக் காட்டினாள். சாகிறதுக்கு முந்தின நாளே அவர் எழுதி அனுப்பியது. இந்த இரும்பைத் தூக்கக் கூடாது, சுரண்டக் கூடாது, இதைச் சுற்றிக் கையால் இறால் பிடிக்கிற ஆறு பெண்கள் இருக்கிறார்கள், அவர்கள் கையும் சேர்ந்துதான் இந்தச் சின்னம், இப்படியே விட்டுவிட வேண்டும் என்று இருந்தது. அதில் காசியம்மாள் என்று என் பெயர் இருந்தது. அவள் விரலை வைத்துக் காட்டினாள். எனக்குப் படிக்கத் தெரியாது, ஆனாலும் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எந்தச் சீட்டிலும் வராத பெயர் மேடம் அது.

"அப்போ எடுக்க மாட்டாங்களா?" என்று கேட்டேன்.

"மொதல்ல அப்படித்தான் முடிவாச்சுக்கா. இப்போ ஒரு உயிர் போயிடுச்சே. ஆபத்தானதுன்னு சொல்லிட்டாங்க. அடுத்த மாசம் தூக்கியே ஆகணுமாம்" என்றாள்.

அந்த ஓட்டையைக் காட்டாமல் நான் சும்மா இருந்திருந்தால் போதும். அவர் பாட்டுக்குப் படம் எடுத்துக்கொண்டு போயிருப்பார். இரும்பு அங்கேயே கிடந்திருக்கும், எங்கள் அடுப்பும் எரிந்திருக்கும். பாம்பென்று நினைத்துத் தாலிக்கயிற்றையே அறுத்துப் போட்ட மாதிரி ஆகிவிட்டது. இரண்டு நாள் நான் பித்துப் பிடித்தவள் போல் கிடந்தேன். இந்திராணி வேப்பிலை அடித்தாள்.

இப்போது நீங்கள் என்னையே பார்க்கிறீர்கள். ஒரு வார்த்தைகூடவா பேசவில்லை என்று கேட்கப் போகிறீர்கள். பேசினேன் மேடம். அதைத்தான் யாரிடமும் சொல்லவில்லை, எனக்கு நானேகூடச் சொல்லிக்கொள்ளவில்லை. தண்ணீர் அவர் கீழ் உதட்டில் இருந்தபோது அவர் கடைசியாகக் கேட்டார், "அக்கா, உங்களுக்குத்தான் தெரியும், இன்னா பண்ணணும் சொல்லுங்க" என்று. எங்கள் பேச்சிலேயே 'இன்னா' என்று கேட்டார். நான் பறியை வாயிலிருந்து எடுத்தேன். இறால் சிந்தாமல் இடது கையில் பிடித்துக்கொண்டேன். "இழு சார். நல்லா வெடுக்குனு இழு" என்றேன். அவர் நம்பினார். பலம் எல்லாம் சேர்த்து இழுத்தார். அப்புறம் நான் பறியைத் திரும்பக் கவ்விக்கொண்டேன். அந்த நேரத்தில் எனக்குக் கொஞ்சமும் பயம் இல்லை.

இரும்பைத் தூக்குவதற்காக நந்தினி நாளைக் காலை அளவெடுக்கப் போகிறாள். சார் கை விட்ட இடத்தைப் பார்க்க வேண்டுமாம். நீங்கள்தான் கூட வர வேண்டும் என்று என்னிடம் கெஞ்சிவிட்டுப் போயிருக்கிறாள். ஊரும் போகச் சொல்கிறது. அவள் கையில் நாலு வளையல் இருக்கிறது. போகாதே, கழற்று, தள்ளு என்று சொல்ல வேண்டும் என்று எனக்கு நன்றாகவே தெரியும். நேற்றெல்லாம் அடுப்பங்கரையில் உட்கார்ந்து அதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். என் வாயில் வந்தது வேறு வார்த்தை. அதனால்தான் முதல் பஸ்ஸில் கிளம்பி வந்தேன். ஜெயிலுக்கு நான் பயப்படவில்லை. என்னை இங்கேயே உட்காரவைத்துப் பூட்டிவிடுங்கள் மேடம். நாளைக்கு அந்தப் பெண்ணும் என்னைப் பார்த்து என்ன செய்ய வேண்டும் என்று கேட்பாள், நான் பதில் சொல்லிவிடுவேன்.